உள்ளே வாங்க, டாக்டர்

தத்துவத் துறையின் அந்தப் பேராசிரியைக்குக் கதவம்மா என்று பெயர் வைத்தது யாரோ தெரியாது. யாராயிருந்தாலும் கெட்டிக்காரர்தான். துறைக் கூட்டத்தில் பேச்சு காரசாரமாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று அம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்து வராந்தாவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். வகுப்பிலும் அதே கதை. இன்றைக்கு எத்தனை முறை எழுவார் என்று மாணவர்கள் பந்தயம் கட்டியதுண்டு. யாராவது துணிந்து கேட்டால், காற்று வரட்டும் என்பார். பல் கிட்டிக்கிற குளிர்காலத்திலும் காற்று வரட்டும்தான்.

உண்மையில் அவருக்குத் தட்டும் சத்தம் கேட்கும். விரல் கணுவால் மெதுவாக ஒரு தட்டு, கொஞ்சம் தயங்கி இன்னொன்று. அவ்வளவுதான், இரண்டே தட்டு. இதை அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை, கணவரிடம்கூட. அந்த மனிதர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படுக்கையறையிலிருந்து சமையலறை வரை எல்லாக் கதவுகளும் ஆவென்று திறந்து கிடப்பதைப் பார்த்து, இந்த வீட்டுக்குக் கதவு போட்ட தச்சனுக்குத்தான் லாபம் என்று முணுமுணுத்துவிட்டுக் கொசுவலைக்குள் புகுந்துகொள்வார். கேள்வி கேட்காத கணவர் கிடைத்த தத்துவவாதி கொடுத்துவைத்தவர்.

அவருடைய படிப்பு ஐரோப்பியக் கண்டத்துத் தத்துவம். இளவயதில் அதற்காகவே ஜெர்மன் கற்றார், பிரெஞ்சு கற்றார், கண்ணைக் கெடுத்துக்கொண்டார். ஒரே பக்கத்தை ஒரு வாரம் படிக்கிற கூட்டம் அது. படித்து முடித்ததும், அந்தப் பக்கம் சொல்லாமல் விட்டது என்ன என்று இன்னொரு வாரம் தேடுவார்கள். "ஊருல எல்லாரும் பிள்ளைங்களைத் தத்துவம் பேசாதேன்னு திட்டுறாங்க. என் பொண்ணுக்கு அதுக்குன்னே சம்பளம் குடுக்குறாங்க" என்று அவருடைய அம்மா பெருமையும் கவலையுமாகச் சொல்லித் திரிந்தார். பின்னாளில் சம்பளத்தோடு பரிசும் பாராட்டும் அயல்நாட்டு மேடைகளும் வந்தன. எல்லாம் 'வாசலில் நிற்பவர்' என்ற ஒரே புத்தகத்தால் வந்தவை. அந்தப் புத்தகம் எப்படி வந்தது என்று தெரிந்தால் யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஒருவன் ஆய்வு செய்தான். அவருடைய முதல் மாணவன். ஒல்லியான உடம்பு, மூக்குக் கண்ணாடி, குறைந்த பேச்சு, சட்டைப் பையில் பேனா கசிந்த கறை. தாய் தகப்பன் இல்லை, வளர்த்ததெல்லாம் அக்காதான். அவன் ஆய்வேட்டில் ஒரு பக்கம் இருந்தது. உள்ளே இருப்பவரால் மட்டும் ஓர் இடம் வீடாகிவிடுவதில்லை, வெளியே ஒருவர் வந்து நிற்கும்போதுதான் உள்ளே என்று ஒன்று உண்டாகிறது, ஆகவே வாசலில் நிற்பவருக்கு வீட்டார்தான் கடமைப்பட்டவர்கள் என்று எழுதியிருந்தான். படித்ததுமே, பையன் தன்னைத் தாண்டிப் போய்விட்டான் என்று கதவம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பொறாமை வரவில்லை, பூரிப்புதான் வந்தது. வைவா முடியட்டும், வாய்விட்டுச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டு வைத்திருந்தார்.

வைவா என்கிற அந்த வாய்மொழித் தேர்வுக்கு ஒரு முறை உண்டு. மூன்று தேர்வாளர்கள் உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்பார்கள். பிறகு மாணவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுப்பார்கள். முடிவானதும் வழிகாட்டிய ஆசிரியர் கதவைத் திறந்து, "உள்ளே வாங்க, டாக்டர்" என்பார். மற்ற இருவரும் எழுந்து நிற்பார்கள். அந்தப் பட்டம் பெயரோடு ஒட்டுவது அந்த நொடியில்தான். சான்றிதழ் பிறகு மெல்ல ஆடி அசைந்து வரும். அந்த ஒரு வார்த்தையைக் காதால் கேட்கத்தான் பிள்ளைகள் நூலகத்தில் ஆண்டுக்கணக்கில் பழியாய்க் கிடப்பது.

அன்று தேர்வாளர்கள் கதவம்மா, அப்போது துறைத்தலைவராக இருந்த பெரியவர், வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர். இந்தக் கடைசி ஆளுக்கு எதிர்க்கட்சி என்று பெயர். விடிந்துவிட்டது என்று நீங்கள் சொன்னாலும், அப்படிச் சொல்லிவிட முடியாது என்றுதான் தொடங்குவார். அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று வராந்தாவுக்குப் போவது. அகன்ற வராந்தா அது. எதிர்ச் சுவரை ஒட்டி ஒரு பெஞ்சு. இன்னொரு கதவு துறைத்தலைவரின் அறைக்குள் போய் அங்கிருந்து பின்படிக்கட்டில் இறங்கும். கேள்விகள் முடிந்ததும் மாணவன் எழுந்து, "வெளிய இருக்கேன் மேடம்" என்று சொல்லிவிட்டு வராந்தாக் கதவைச் சத்தம் வராமல் தானே சாத்திக்கொண்டு போனான்.

முடிவெடுக்க நேரமே ஆகவில்லை. மூவருக்கும் ஒரே மனம். கூப்பிடுவதுதான் பாக்கி. எதிர்க்கட்சி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பட்டம் கொடுக்கலாம், ஆனால் அந்த வாசல் பக்கத்தை அப்படிச் சொல்லிவிட முடியாது என்று ஆரம்பித்தார். கதவம்மா விடுவாரா? வெளியே நிற்பவர் உள்ளே வந்துவிட்டால் வீட்டாரின் கடமை தீர்ந்ததா, அப்போதுதான் தொடங்குகிறதா என்று பிடித்துக்கொண்டார். இவர் ஒரு ஜெர்மானியரைத் துணைக்கு இழுத்தால் அவர் ஒரு பிரெஞ்சுக்காரரை இழுத்தார். குரல்கள் ஏறின. பெரியவருக்குத் தலைவலி வந்துவிட்டது. டீ குடித்துக்கொண்டே சண்டை போடுங்கள் என்று இருவரையும் தன் அறை வழியாகப் பின்படிக்கட்டில் இறக்கிக் கேண்டீனுக்குக் கூட்டிப்போனார். வாசலில் நிற்பவரைப் பற்றிப் பேசிக்கொண்டேதான் இருவரும் படியிறங்கினார்கள்.

வேறெந்தத் தொழிலிலும் இப்படி ஒரு மறதி வராது. முடிவெட்டுகிறவர் பாதித் தலையோடு ஆளை உட்காரவைத்துவிட்டுத் தலைமுடியின் தன்மை குறித்து விவாதிக்கப் போவாரா? தத்துவக்காரர்களால்தான் முடியும். ஆளை வெளியே வைத்துவிட்டு, அந்த ஆளைப் பற்றிய பேச்சில் தொலைந்துபோவார்கள்.

இரண்டாவது டீ வந்தபோது கதவம்மாவுக்குச் சுருக்கென்றது. டம்ளரை வைத்துவிட்டு ஓடினார். பெஞ்சில் யாரும் இல்லை. வராந்தாவின் கோடிவரை யாரும் இல்லை. விடுதிக்குப் போய் விசாரித்தால், பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான் என்றார்கள். சரி, காலையில் அக்கா வீட்டுக்கே போன் செய்து நல்ல சேதியைச் சொல்லிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அவன் ஏறிய பஸ் விடிகாலையில் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. பிழைத்தவர்களில் அவன் இல்லை. கூப்பிட்டிருந்தால் அவன் அந்த பஸ்ஸில் ஏறியிருக்கவே மாட்டான். அன்றிரவு நண்பர்கள் அவனுக்காக விருந்து ஏற்பாடு செய்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சில நாள் கழித்து அக்கா வந்தார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. புதிதாக வண்டி பழகுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, கூடுதல் பிரேக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறவர். அழுது முடித்த முகம். தம்பிக்குப் பட்டம் கிடைத்துவிட்டது என்று அவனிடம் சொன்னீர்களா, அவன் காதால் கேட்டானா என்று கேட்டார். கதவம்மா வாயெடுப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார். சொன்னோம், சந்தோஷமாகத்தான் போனான் என்றார். அக்கா கதவம்மாவின் பக்கம் திரும்பினார். "அவன் முகம் எப்படி இருந்துச்சு மேடம்?" என்றார்.

"சிரிச்சான்" என்றார் கதவம்மா.

அக்கா போனபின், பையனே போய்விட்டான், இனிமேல் உண்மை யாருக்கு உபயோகம் என்றார் பெரியவர். உண்மை என்றால் என்ன என்பது குறித்து மட்டும் ஓர் அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருந்த மனிதர் அவர். இரங்கல் கூட்டத்துக்கு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எதிர்க்கட்சி அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக எதிர்க்கவில்லை. அந்த மாதமே ஒரு கூட்டத்தின் நடுவில் கதவம்மாவுக்கு முதல் தட்டல் கேட்டது. திறந்தார். வராந்தாவில் வெயில் மட்டும் கிடந்தது.

அக்கா ஆண்டுதோறும் தம்பி போன நாளை ஒட்டி வருவார். ஒரு பிஸ்கட் பொட்டலத்தை மேசையில் வைப்பார். நலம் விசாரிப்பார். பிறகு அதே கேள்வியைக் கேட்பார். கதவம்மா அதே பதிலைச் சொல்வார். ஆனால் ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்ப எப்படிச் சொல்வது? பொய் மெல்லச் சதைபிடித்தது. சிரித்தான் என்பது, சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டான் என்றாயிற்று. பிறகொரு தடவை, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டான். இன்னொரு தடவை, அக்காவுக்கு முதலில் சொல்லணும் என்றான். சொல்லச் சொல்லக் கதவம்மாவின் கண்ணுக்குள் அந்த முகம் துலக்கமாயிற்று. நிஜத்தில் கடைசியாகப் பார்த்த முகம், கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போன முகம், கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோனது. எவ்வளவு முயன்றும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. ஒருவனை இரண்டு தடவை தொலைத்துவிட்டோம் என்று அவர் நடுங்கிய நாட்கள் உண்டு.

அந்தப் பக்கத்தை விரித்துத்தான் புத்தகம் எழுதினார். திருட்டு என்று யாரும் சொல்ல முடியாது. எங்கெல்லாம் அவன் கருத்து வருகிறதோ அங்கெல்லாம் அடிக்குறிப்பு போட்டு அவன் பெயரைச் சொல்லியிருந்தார். புத்தகத்தை அவனுக்கே சமர்ப்பித்தும் இருந்தார். வாசலில் நிற்பவரை உள்ளே அழைப்பதுதான் அறத்தின் முதல் சொல் என்று முடியும் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதியை மேடைகளில் விரும்பிக் கேட்டு வாசிக்கச் சொல்வார்கள். வாசித்து முடித்ததும் அரங்கமே எழுந்து நிற்கும். மொத்தக் கூட்டமும் எழுந்து நிற்பதைப் பார்த்ததும் அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிடுவார். அவனுக்காக எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் யாரும் நிற்கவில்லையே.

இப்படியே காலம் ஓடி, அவர் ஓய்வு பெறும் மாதம் வந்தது. பெரியவர் எப்போதோ காலமாகிவிட்டார். கதவம்மாவிடம் ஆய்வு செய்த கடைசி மாணவிக்கு அதே அறையில் வைவா. வெளித்தேர்வாளர் எதிர்க்கட்சிதான். கையில் தடி, காதில் கருவி, அதைப் பாதி நேரம் அணைத்து வைத்துவிடுகிற பழக்கம். மூன்றாவது ஆள் புதிய துறைத்தலைவர், பழங்கதை எதுவும் தெரியாதவர். அக்காவையும் அன்றைக்கு வரச்சொல்லிக் கதவம்மாவே போன் செய்திருந்தார். ஓய்வு பெற்றுப் போவதற்குள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். சொன்னால் அந்த அம்மாளிடம் மிச்சமிருக்கும் ஒரே ஆறுதலையும் பிடுங்கிக்கொள்வதாகும். சொல்லாவிட்டால் சாகும்வரை கதவைத் திறந்துகொண்டே இருக்க வேண்டும்.

மாணவியை வெளியே அனுப்பிவிட்டு முடிவு சொன்னார்கள். எதிர்க்கட்சி வாயைத் திறப்பதற்குள் கதவம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்தார். "உள்ளே வாங்க, டாக்டர்" என்றார். அந்தப் பெண் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்து வந்தது. சிரிப்பும் அழுகையுமாக எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, வீட்டுக்குச் சொல்லப் படிகளில் ஓடியது. அந்தப் பெண் எழுந்துபோன பெஞ்சின் இன்னொரு கோடியில் அக்கா உட்கார்ந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

கதவம்மா அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். எதிர்க்கட்சி அக்காவை அடையாளம் கண்டுகொண்டு, கிளம்பத் தடியைத் தேடினார். போகாதீர்கள் என்றார் கதவம்மா. நாசூக்காக நழுவப் பார்த்த புதிய துறைத்தலைவரையும் இருக்கச் சொன்னார். ஒரு சாட்சியாவது இருக்கட்டும் என்று தோன்றியது.

"அக்கா, இத்தனை வருஷமா நான் உங்ககிட்ட சொன்னது..."

"தெரியும் மேடம்" என்றார் அக்கா. "நீங்க அவனைக் கூப்பிடவே இல்லை."

அக்கா மடியில் வைத்திருந்த பையின் வாரைச் சரிசெய்துகொண்டார். புதிதாக வண்டி பழகுகிறவனுக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்.

"பஸ் ஸ்டாண்ட் பூத்துல இருந்து போன் பண்ணான். ரொம்ப நேரம் உக்காந்து பாத்தானாம். உள்ள சத்தமா பேசிக்கிட்டு இருந்தீங்களாம், அப்புறம் சத்தமே இல்லையாம். ரெண்டு தடவை தட்டினானாம். மெதுவாத்தான் தட்டுவான், அவன் சுபாவம் அது. பதில் இல்லைன்னு திறந்து பாத்தா மூணு நாற்காலியும் காலியா கிடந்துதாம். ஃபெயில்னு முகத்துக்கு நேரா சொல்ல சங்கடப்பட்டுப் பின்பக்கமா போயிட்டாங்க போலக்கான்னு சொல்லி அழுதான்."

ரெண்டு தடவை. இத்தனை காலமும் அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்து எழுந்து போய்விட்டான் என்றுதான் கதவம்மா நினைத்திருந்தார். அவன் கதவைத் திறந்துகொண்டு இந்த அறைக்குள் வந்து, இந்த நாற்காலிகளைப் பார்த்து நின்றிருக்கிறான். தட்டியபோது ஆள் இல்லாத அறைக்கு அந்தத் தட்டல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

தெரிந்தும் ஏன் ஆண்டுதோறும் வந்தீர்கள் என்று கேட்டார் எதிர்க்கட்சி. குரல் உடைந்திருந்தது.

"முதல்ல வந்தது நாக்கைப் புடுங்குற மாதிரி நாலு கேக்கத்தான் சார். கூசாம பொய் சொன்னீங்க. சண்டை போட வாயைத் திறந்தேன். அப்பதான் மேடம் அவன் சிரிச்சான்னாங்க." அக்கா கதவம்மாவைப் பார்த்தார். "எனக்குக் காதுல நிக்கிறது அவன் அழுத குரல்தான். வருஷத்துல ஒரு நாளாவது அவன் சிரிக்கட்டுமேன்னு வந்தேன். கண்ணாடி துடைச்சது நடுவுல நீங்க சேத்துக்கிட்டது. அது நல்லா இருந்துச்சு. அவன் அப்படித்தான் செய்வான்."

கதவம்மா அழுதார். முதுமையின் மரியாதையெல்லாம் விட்டுப்போய்ச் சின்னப் பிள்ளைபோல் அழுதார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வந்தவரை அக்கா கையமர்த்தினார்.

"அதை நான் எப்படிக் குடுக்க முடியும்? அது அவன்கிட்ட கேக்கறது." எழுந்துகொண்டார். "அந்தப் பொண்ணைக் கூப்பிட்டீங்களே, பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு அதைச் செய்ங்க. நான் போய் பெஞ்சுல உக்காந்துக்கறேன். நீங்க உங்க இடத்துல இருந்து, முறைப்படி கூப்பிடுங்க. மூணு நாற்காலியிலயும் ஆள் இருக்கட்டும்."

அவர் வெளியே போய்க் கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டார். அந்தச் சாத்தலில் கதவம்மாவுக்கு அழிந்துபோன முகம் ஒரு நொடி வந்து போனது. அக்காவின் தம்பிதானே அவன்.

மூவரும் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். புதிய துறைத்தலைவர் ஏன் என்று கேட்கவில்லை. நல்ல பிள்ளை. இரண்டு காலடி தூரத்தில் கதவு. ஊர் உலகத்துக்கே வாசலைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவருக்கு எழுந்திருக்கப் பயமாக இருந்தது. திறந்தால் யாரும் இல்லாமல் இருப்பது ஒரு பயம். யாராவது இருந்துவிட்டால் என்பது அதைவிடப் பெரிய பயம்.

தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக ஒன்று, கொஞ்சம் தயங்கி இன்னொன்று.

வழக்கம்போல் தனக்கு மட்டும்தான் என்று நினைத்தார். ஆனால் அக்கா வெளியே போனதும் காதுக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்த எதிர்க்கட்சி நிமிர்ந்து கதவைப் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவம்மா எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தார்.

வாசலில் யாரும் இல்லை. அக்கா வராந்தாவின் அந்தப் பக்கம், எதிர்ச் சுவரை ஒட்டிய பெஞ்சில், பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து தட்டியவரின் முகமாக அது இல்லை. அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தார்.

"உள்ளே வாங்க, டாக்டர்" என்றார் கதவம்மா.

பின்னால் இரண்டு நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. தடியை ஊன்றிக்கொண்டு எதிர்க்கட்சியும் எழுந்து நின்றுவிட்டார். அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து வராந்தாவைக் கடந்து கதவருகே வந்தார். வந்தவர் நேராக உள்ளே நுழையவில்லை. கூட வந்த ஒருவரை முன்னால் போகவிடுவதுபோல், ஓர் ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டார்.